சின்னய்யா ராவிய கித்தார்

மிஷின் தன் நோயைத் தானே சொல்கிற காலம் வந்துவிட்டது. போன மாதம் நான் வேலை பார்த்த பழைய பிரஸ்ஸுக்குப் போயிருந்தேன். புது ஆஃப்செட் மிஷின் பக்கத்தில் ஒரு திரை. எங்கே கோளாறு என்று அதில் எழுத்து ஓடுகிறது. பையன்கள் அதைப் பார்த்து, அந்த இடத்தைத் திறந்து, கழற்றி மாட்டிவிட்டு டீ குடிக்கப் போகிறார்கள். அதில் ஒருவன் கேட்டான், "அண்ணாச்சி, நீங்க கித்தாரெல்லாம் ரிப்பேர் பண்ணுவீகளாமே, நெசமா?"

நிஜம்தான். முப்பத்தெட்டு வருஷம் லேபிள் பிரஸ்ஸில் ஃபிட்டராக இருந்தவனுக்குக் கித்தாரோடு என்ன சம்பந்தம் என்று கேட்டால், சொல்லத் தொடங்கினால் நான் கெட்டிக்காரன் மாதிரியே இருக்கும், முடிக்கும்போது அப்படி இருக்காது. அதனால்தான் இத்தனை நாள் வாயைத் திறக்கவில்லை. இப்போது எழுதிவிடுகிறேன்.

ஐம்பத்தி ஆறு வாக்கில் சிவகாசியில் வேலைக்குச் சேர்ந்தேன். சொந்த ஊர் தாயில்பட்டி. அப்பாவுக்கு அங்கே நிலமும் கிணறும் இருந்தன. "நாலு பேரு வேலைக்கு வந்து நிக்கிற வீட்டுப் பிள்ள, இன்னொருத்தன் மிஷினுக்கு எண்ணெய் போடப் போறானாம்" என்று ஊரெல்லாம் சொல்லி வருத்தப்பட்டார். நான் காதில் போட்டுக்கொள்ளவில்லை. திருத்தங்கலில் வாடகைக்கு வீடு பிடித்து, சைக்கிளில் பிரஸ்ஸுக்குப் போய் வந்தேன். முதல் மூன்று வருஷம் துடைத்ததும் எண்ணெய் போட்டதும்தான் வேலை. அதைப் பற்றிச் சொல்ல ஒன்றுமில்லை.

சொல்ல வேண்டியது சுப்பையா போர்மேனைப் பற்றி. என்னைவிடப் பத்து வயதுதான் மூத்தவர். ஒல்லி, கட்டை மீசை, எந்நேரமும் வாயில் வெற்றிலை. யாரையும் 'யோவ்' என்றுதான் கூப்பிடுவார், முதலாளியின் மருமகனைக்கூட. ஒரு மிஷினில் சத்தம் வருகிறது என்று போய் நின்றால் ஸ்பேனரைத் தொட விடமாட்டார். சாக்பீஸை எடுத்துக் கையில் கொடுப்பார். மிஷினுக்குக் கீழே தரையில் எழுத வேண்டும். சத்தம் எப்போது வருகிறது, எப்போது வரவில்லை, கடைசியாக அந்த மிஷினில் யார் எதை மாற்றினார்கள். மூன்றையும் எழுதி முடிக்கிறவரை பக்கத்தில் ஒரு ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்து வெற்றிலை மெல்லுவார்.

முதலாவதும் மூன்றாவதும் எல்லோரும் எழுதிவிடுவோம். இரண்டாவதில்தான் தடுமாறுவோம். ஒரு தடவை ரெண்டு கலர் மிஷினில் 'டொக் டொக்' என்று சத்தம். 'எப்போதும் வருகிறது' என்று எழுதினேன். எழுந்து வந்து காலாலேயே அழித்தார். "எப்ப வரலன்னு எழுதும்யா. நோயாளி தூங்குற நேரம் தெரியாம டாக்டருக்கு என்ன தெரியும்?" அரைநாள் பக்கத்தில் நின்று கேட்டேன். மெல்லிய காகிதம் ஓடும்போது சத்தம் இல்லை, அட்டை ஓடும்போது மட்டும் உண்டு. அட்டையைப் பிடிக்கிற கொக்கி ஒன்று தளர்ந்திருந்தது. கால் மணி நேர வேலை. அந்த வித்தையை வைத்துக்கொண்டே பத்து வருஷத்தில் நான் பெரிய ஆளாகிவிட்டேன். பக்கத்து பிரஸ்களில் இருந்தெல்லாம் ஆள் வந்து கூப்பிடுவார்கள். தலைக்கனமும் கூடவே வந்து சேர்ந்தது.

அறுபத்தேழோ எட்டோ, மாசி மாதம். மதியச் சாப்பாட்டு நேரத்தில் வாட்ச்மேன் வந்து, உங்களைத் தேடி ஒரு ஆள் நிற்கிறான் என்றார். கேட்டுக்கு வெளியே முத்துராசு நின்றிருந்தான். சாக்குப் பையில் நீளமாக எதையோ சுற்றி நெஞ்சோடு அணைத்திருந்தான். என்னைப் பார்த்ததும் செருப்பைக் கழற்றிவிட்டான். கொதிக்கிற தார் ரோட்டில் வெறுங்கால்.

முத்துராசின் அப்பா எங்கள் நிலத்தில் பாடுபட்டவர். என் அப்பாவை 'அய்யா' என்பார், அரைக்கால் சட்டை போட்ட என்னை 'சின்னய்யா' என்பார். முத்துராசும் அப்படியே கூப்பிட்டுப் பழகிவிட்டான். என்னைவிட நாலைந்து வயது சின்னவன். நிலத்து வேலை வேண்டாம் என்று மதுரைக்குப் போய் ஒரு மைக்செட் கடையில் மூன்று வருஷம் இருந்திருக்கிறான். அங்கே வந்துபோன மெல்லிசைக் குழுக்காரர் ஒருவர் கித்தார் சொல்லிக் கொடுத்திருக்கிறார். அவர் பட்டணம் போகும்போது தன் பழைய எலெக்ட்ரிக் கித்தாரையும் இவனுக்கே கொடுத்துவிட்டார். கல்கத்தாவில் செய்தது. பிறகு கல்யாணம் ஆகி ஊருக்கு வந்து, பட்டாசு ஆலையில் மருந்து அடைக்கிற வேலையில் இருந்தான்.

"விருதுநகர்ல ஒரு குழுவுல நிரந்தரமா ஆளு எடுக்காக, சின்னய்யா. வாசிச்சுக் காட்டுனேன். மாஸ்டருக்கு வாசிப்பு பிடிச்சிருச்சு. ஆனா கரகரங்குதுன்னாரு. பங்குனிப் பொங்கல் மேடைக்கு முன்னால சரி பண்ணிட்டு வா, இல்லேன்னா மதுரையிலருந்து வேற ஆளு வாறான்னுட்டாரு."

அந்த வேலை கிடைத்தால் மருந்து அறையை விட்டு வெளியே வந்துவிடலாம். அதை அவன் சொல்லவில்லை. அவன் நகக்கண்ணில் இருந்த அலுமினியப் பொடியைப் பார்த்தால் யாருக்கும் புரியும்.

சாக்குப் பையைப் பிரித்தேன். சிவப்பு வர்ணம் அடித்த கட்டை. நீண்ட கழுத்து, அதன் மேல் ஆறு தந்தி, தந்திகளுக்கு அடியில் குறுக்கே ஏணிப்படி மாதிரி உலோகக் கம்பிகள். வீணைக்காரர்கள் மெட்டு என்பார்கள், கித்தார்க்காரர்கள் ஃபிரெட் என்கிறார்கள். விரலால் தந்தியை அழுத்தினால் அது ஒரு ஃபிரெட்டில் உட்கார்ந்து, அங்கிருந்து அடிப்பக்கம் வரை தாராளமாக அதிர வேண்டும். வழியில் வேறு எந்த ஃபிரெட்டிலாவது உரசினால் கரகரப்பு. எனக்கு ஒரு நிமிஷத்தில் விஷயம் பிடிபட்டுவிட்டது. கித்தார் என்ன, கம்பி கட்டின மிஷின்தானே.

ஒவ்வொரு தந்தியாக, ஒவ்வொரு ஃபிரெட்டாக அழுத்தி மீட்டிப் பார்த்தேன். தலைப்பக்கம் முதல் நாலைந்து ஃபிரெட்டுகளில் நன்றாகவே கரகரத்தது. பிரஸ்ஸில் இருந்த ரெண்டடி எஃகு மட்டப் பட்டையைக் கொண்டுவந்து ஃபிரெட்டுகளின் மேல் நீளவாக்கில் வைத்தேன். நடுவில் தட்டி ஆடியது. ரெண்டு முனையிலும் டிஷ்யூ பேப்பரைச் செருகினால் தாராளமாகப் போகிறது, நடுவில் போகவில்லை. ஆக, நடு ஃபிரெட்டுகள் மேடு. முடிந்தது.

ஒன்று சொல்ல வேண்டும். அன்றைக்கும் நான் போர்மேனின் இரண்டாவது கேள்வியைக் கேட்டேன். ஆனால் எப்படிக் கேட்டேன்? கையில் பட்டையை வைத்துக்கொண்டு, கித்தாரைப் பார்த்தபடியே, "எப்பவும் கரகரங்குதுல்ல?" என்று கேட்டேன்.

"ஆமாங்க சின்னய்யா" என்றான்.

எழுத்து அச்சடிப்பவனுக்கு மேடு என்பது எதிரி. ஒரு எழுத்து முடி அளவு உயர்ந்திருந்தாலும் காகிதத்தைக் குத்தும். மேட்டை இறக்கி மட்டமாக்கு என்பதுதான் எங்களுக்கு வேதம். கழுத்துக் கட்டையில் காகிதம் ஒட்டி மறைத்து, ரெண்டு ஞாயிற்றுக்கிழமை பிரஸ்ஸில் உட்கார்ந்து, நைஸ் அரத்தால் ஏழு ஃபிரெட்டுகளை ராவினேன். பட்டையை வைத்தால் முனைக்கு முனை ஒரு இழை வெளிச்சம்கூடத் தெரியாது. அப்படி ஒரு மட்டம். போர்மேனைக் கூப்பிட்டுக் காட்டலாமா என்றுகூட நினைத்தேன். அவருக்குப் பாட்டு என்றாலே ஆகாது, அதனால் விட்டுவிட்டேன்.

முத்துராசு வந்து வாசித்துப் பார்த்தான். தலைப்பக்கக் கரகரப்பு போயிருந்தது. மெதுவாக நாலு சுரம் வாசித்தான்.

"சரியாயிருச்சுல்ல?"

"நல்லாருக்குங்க சின்னய்யா."

செருப்பை மாட்டாமல் கையில் எடுத்துக்கொண்டு போனான். நான் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு உள்ளே போனேன்.

நாலைந்து நாளில் கோடை மழை வந்தது. ரெண்டு நாள் விடாமல் பெய்தது. சிவகாசியில் மழை என்றால் பட்டாசுக்காரனுக்கும் அச்சுக்காரனுக்கும் சேர்ந்து வயிறு கலங்கும். அங்கே மருந்து காயாது, இங்கே காகிதம் ஈரத்தை இழுத்து நீண்டுவிடும். நாலு கலரும் ஒன்றின் மேல் ஒன்று சேராது. காலண்டர் லட்சுமியின் உதட்டுச் சிவப்பு மூக்கில் போய் உட்கார்ந்துகொள்ளும். அந்த ரெண்டு நாளும் நான் லட்சுமியின் உதட்டை இறக்கப் போராடிக்கொண்டிருந்தேன்.

மூன்றாம் நாள் காலையில் கேட்டில் பெரிய சத்தம். வாட்ச்மேன் குரலை மிஞ்சி ஒரு பெண் குரல். "உள்ள விடாட்டி போங்க. அவரை வெளிய வரச் சொல்லுங்க. அம்புட்டுத்தான்." போய்ப் பார்த்தால் இருபத்திரண்டு வயது இருக்கும், இடுப்பில் சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு, கையில் அதே சாக்குப் பையோடு நிற்கிறாள்.

"நீங்கதான் ஃபிட்டர் சீனிவாசனா? நான் முத்துராசு வீட்டுக்காரி, பேச்சியம்மா. இதுல என்னத்தப் பண்ணி வச்சீக?"

பேச்சியம்மாளுக்கு ஊர் வேறு, வெம்பக்கோட்டைக்கு மேற்கே. எங்கள் நிலத்தையும் கிணற்றையும் அவள் பார்த்ததில்லை. அதனால் என் 'சின்னய்யா' பட்டம் அவளிடம் செல்லாது.

"ஏன், என்ன ஆச்சு?"

"முந்தி தலமாட்டுலதான் கத்தும். நீங்க ராவிக் குடுத்த பெறகு நடுவுல கத்துது. கொஞ்சமில்ல. அஞ்சாவதுல அழுத்துனா ஒம்பதாவதுல போயி இடிக்கி. இந்த மனுசன் ரெண்டு நாளா அழுத்தி அழுத்தி விரலெல்லாம் புண்ணு. போயி சொல்லுங்கன்னா, சின்னய்யா பண்ணுனா சரியாத்தான் இருக்கும், என் விரல்தான் சரியில்லங்காரு."

எனக்கு முகம் சுருங்கிவிட்டது. "நான் கேட்டேம்மா. அவன்கிட்டயே கேட்டேன். எப்பவும் கத்துதுன்னான்."

"எப்பிடிக் கேட்டீக?"

சொன்னேன்.

"அப்பிடிக் கேட்டா அவரு ஆமான்னுதான் சொல்லுவாரு. மேற்கால சூரியன் உதிக்குதுல்லன்னு நீங்க கேட்டாலும் ஆமாங்க சின்னய்யாம்பாரு. அவுக அய்யா உங்க அய்யாகிட்ட இல்லன்னு ஒரு வார்த்த சொல்லியிருப்பாரா? அந்தப் பழக்கம் இவரு எலும்புல இருக்கு. என்னையக் கேட்டிருந்தா நான் சொல்லிருப்பேன். வெயிலடிச்சாத்தான் அது கத்தும். மழ பெஞ்ச அன்னிக்குச் சத்தமே இருக்காது. தை மாசத் தூறல்ல நான் கவனிச்சேன். ஆலையில வெயிலப் பாத்துப் பாத்து மருந்து காய வைக்கிறவளுக்கு இது தெரியாதா?"

பின்னால் திரும்பினேன். சுப்பையா போர்மேன் கதவோரம் நின்று வெற்றிலை மென்றுகொண்டிருந்தார். எவ்வளவு நேரமாக நின்றாரோ தெரியாது. வந்து சாக்கிலிருந்து கித்தாரை உருவினார். ரோலர் நேராக இருக்கிறதா என்று பார்ப்பது போல ஒற்றைக் கண்ணை மூடிக் கழுத்தின் நீளத்தைப் பார்த்தார்.

"யோவ், மழைக்குக் காயிதம் நீளுதுன்னு ரெண்டு நாளா அழுவுறீரு. கட்டைக்கு மட்டும் ஈரம் தெரியாதாக்கும்?"

கித்தாரைத் திருப்பி, முதுகில் இருந்த கல்கத்தா முத்திரையைப் பார்த்தார்.

"கல்கத்தாச் சரக்கு. ஈரக் காத்து குடிச்ச கட்டை. நம்ம ஊரு காய்ச்சல்ல முதுகை வளைச்சுருக்கு. அதைப் போயி மேடுன்னு ராவியிருக்கீரு. மழைக்கு அது நிமிந்துக்கிடுச்சு. இப்ப நீர் ராவின இடம் பள்ளம்." கித்தாரின் தலையில் ரெண்டு திருகாணி போட்ட சின்னத் தகடு இருந்தது. அதை விரலால் தட்டினார். "இது என்ன?"

"கம்பெனி பேரு போட்ட தகடு."

"பேரு எங்க இருக்கு?"

பேர் இல்லை. வெறும் தகடு. ரெண்டு வாரம் அதைப் பார்த்துக்கொண்டிருந்தும் எனக்குத் தோன்றவில்லை. கழற்றினோம். உள்ளே ஒரு நட்டு. கழுத்துக் கட்டைக்குள் நீளமாக ஓடும் இரும்புக் கம்பியின் முனை அது. இறுக்கினால் கழுத்து பின்னால் போகும், தளர்த்தினால் தந்தி இழுப்புக்கு முன்னால் வரும். செய்தவன் வெயிலையும் மழையையும் நினைத்தே ஒரு நட்டு வைத்திருக்கிறான். அன்றைக்கே கால் சுற்று தளர்த்தியிருந்தால் போதும். நான் அரத்தை எடுத்தேன்.

"இப்ப என்ன செய்யப் போறீக?" என்றாள் பேச்சியம்மாள். கோபம் இறங்கியிருந்தது. அதற்குப் பதில் கண்ணில் நீர் நின்றது. "பொங்கலுக்கு முன்னால மாஸ்டர் முன்னாடி வாசிச்சுக் காட்டணும். இருவது நாள்தான் இருக்கு. அந்த மருந்து ரூம விட்டு அவரு வெளிய வரணும்ணாச்சி. அதுக்கு வேற வழி இல்ல."

புது ஃபிரெட் கம்பிக்கு மதுரையில் விசாரித்தேன். பட்டணத்தில்தான் கிடைக்கும், எழுதிப்போட்டால் வர மாதம் ஆகும் என்றார்கள். அன்று முழுக்க எனக்குச் சோறு இறங்கவில்லை. சாயங்காலம் போர்மேன் என் மேஜையில் ஒரு கட்டு பித்தளைப் பட்டையைப் போட்டார். எழுத்து அச்சில் கோடு போடுவதற்கு வைக்கிற மெல்லிய பித்தளை ரூல். "ரெண்டு பாயின்ட் கனம். ஃபிரெட்டு உக்காருற வெட்டுக்குச் சரியா இருக்கான்னு பாரும்." இருந்தது. ஓரத்தை லேசாகத் தேய்த்தால் கச்சிதமாக இறங்கியது. "இன்னொண்ணு. மிஷினை ஓடுற இடத்துல வச்சுத்தான் பாக்கணும். அவன் வீட்டுக்குப் போயிச் செய்யும்."

அந்த மூன்று ஞாயிறும் தாயில்பட்டிக்குப் போனேன். பஸ் எங்கள் வீட்டு முனையில்தான் நிற்கும். அரமும் பட்டையும் எடுத்துக்கொண்டு நான் வீட்டைத் தாண்டி நடப்பதைப் பார்த்து அப்பா கேட்டார். "அவன் வேலைக்கு நீ அவன் வீட்டுக்குப் போறதா? இங்கன வரச் சொல்லு."

"கட்டை அங்கனதாம்ப்பா இருக்கு."

"தூக்கிட்டு வர அவனுக்குக் கையில்லையா?" என்று அவர் கேட்டபோது நான் வாசலைத் தாண்டிவிட்டிருந்தேன். மூன்றாம் ஞாயிறு வரை அவர் என்னோடு பேசவில்லை.

முத்துராசு வீடு ஒரே அறை. நான் தரையில் உட்கார்ந்தேன். அவன் நின்றான். "உக்காருப்பா" என்றால், "இருக்கட்டும் சின்னய்யா" என்றான். பேச்சியம்மாள் கருப்பட்டிக் காப்பியை என் முன்னால் வைத்துவிட்டு, "நின்னுக்கிட்டே எப்பிடி வாசிச்சுக் காட்டுவீக? உக்காருங்க" என்று அதட்டினாள். அவன் என் எதிரே, பாதி கதவுக்கு வெளியே இருக்கிற மாதிரி உட்கார்ந்தான். என் அப்பா வீட்டில் அவன் உட்கார்ந்து நான் பார்த்ததே இல்லை என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது.

பழைய ஃபிரெட்டுகளைச் சூடு காட்டி மெல்ல நெம்பி எடுத்தேன். பித்தளை ரூலைத் துண்டு துண்டாக வெட்டி, தச்சர்கள் போடும் வஜ்ரப் பசை தடவி, மரச் சுத்தியலால் தட்டி இறக்கினேன். ரெண்டாம் ஞாயிறு நட்டைத் தளர்த்திக் கழுத்தைச் சரி செய்தேன். இந்த முறை மட்டமாக வைக்கவில்லை. மீட்டிய தந்தி நடுவில்தான் அதிகம் ஊசலாடும், அதற்கு அங்கே இடம் வேண்டும். முதல் ஃபிரெட்டிலும் கடைசி ஃபிரெட்டிலும் தந்தியை அழுத்திப் பிடித்தால், நடுவில் ஒரு தபால் கார்டு உரசாமல் நுழைய வேண்டும். அந்த ஒரு கார்டு அளவு குழிவு. மட்டம் மட்டம் என்று பத்து வருஷம் அடித்துக்கொண்டவனுக்கு, இந்தச் சின்னக் குழிவை வேண்டுமென்றே விடுவதற்கு மனசு வரவில்லை. பல்லைக் கடித்துக்கொண்டுதான் விட்டேன்.

சோதிப்பதில்தான் சிக்கல். நான் எதைக் கேட்டாலும் "நல்லாருக்குங்க சின்னய்யா." கேட்கிற விதத்தை மாற்றிப் பார்த்தேன். "எங்க நல்லால்ல?" என்றால், "எல்லாம் நல்லாருக்குங்க." கடைசியில் சாக்பீஸை அவன் கையில் கொடுத்தேன். "நீ வாயால ஒண்ணும் சொல்ல வேண்டாம். எங்க கரகரங்குதோ அங்க கட்டையில ஒரு புள்ளி வையி. நான் வெளிய நிக்கேன்." வெளியே வேப்பமரத்தடியில் அரை மணி நேரம் நின்றேன். உள்ளே போனால் ரெண்டே புள்ளி. அதுவும் கண்ணுக்குத் தெரியாத மாதிரி. சரி செய்து கொடுத்துவிட்டு மறுபடியும் வெளியே போனேன். அப்போது ஐந்து. மூன்றாம் ஞாயிறு மூன்றாம் தடவை போனபோது பதினேழு புள்ளி இருந்தது. கித்தார் கெட்டுப்போகவில்லை, அவனுக்குத் துணிச்சல் வந்திருந்தது. எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. பதினேழையும் உட்கார்ந்து ஒவ்வொன்றாக எடுத்தேன். பொழுது சாய்ந்துவிட்டது.

அடுத்த நாள் காலை லீவு போட்டுவிட்டு அவனோடு விருதுநகருக்குப் போனேன். குழு ஒத்திகை பார்க்கிற இடம் ஒரு வத்தல் குடோனுக்கு மாடி. கீழே மூட்டை புரட்டினால் மேலே எல்லோரும் தும்முவார்கள். மாஸ்டர் என்று சொன்னவர் வயலின்காரர், நாற்பது வயது, வெள்ளை ஜிப்பா. மதுரைக்காரனும் தன் கித்தாரோடு வந்து ஓரத்தில் உட்கார்ந்திருந்தான். முத்துராசு என்னைப் பார்த்தான். வாசி என்று தலையை ஆட்டினேன்.

மைக்செட்காரர் அவன் கித்தாரில் வயரைச் செருகி ஆம்ப்ளிஃபயரைப் போட்டார். முத்துராசு வாசித்தான். பித்தளை ஃபிரெட்டில் ஒவ்வொரு சுரமும் மணி மணியாக வந்தது. சரணத்துக்கு நடுவில் வருகிற இசைக்கோப்பு ஒன்றை வாசித்து முடித்தபோது, டோலக்குக்காரர் தன்னை அறியாமல் கூடவே தட்டிக்கொண்டிருந்தார். மாஸ்டர் தும்மிவிட்டு, "பொங்கலுக்கு நீயே வந்துருப்பா. பொங்கலுக்குப் பிறகும்தான்" என்றார். முத்துராசு கித்தாரின் மேல் குனிந்துகொண்டான்.

அதோடு நான் எழுந்து வந்திருக்கலாம். தொழில் புத்தி விடவில்லை. மதுரைக்காரன் சும்மா தன் கித்தாரை மீட்டிக்கொண்டிருந்தான், வயர் செருகாமல். அதில் தலைப்பக்கம் கரகரப்பு. முத்துராசு முதலில் கொண்டுவந்ததை விட மோசம். "இதோட எப்படி மேடையில வாசிக்கீக?" என்று கேட்டேன். அவன் சிரித்துவிட்டு வயரைச் செருகி வாசித்தான். சுத்தமாக இருந்தது. கரகரப்பே இல்லை.

மைக்செட்காரர்தான் விளக்கினார். "லேசா உரசுற சத்தம் ஆம்ப்ல ஏறாதுண்ணாச்சி. தந்தி அடியில காந்தம் இருக்கு, அது தந்தி அதிர்றதத்தான் எடுக்கும். கட்டையில கேக்குற கரகரப்பு அதுக்குத் தெரியாது."

"அப்ப அன்னிக்கு மாஸ்டருக்கு எப்படிக் கேட்டுச்சு?"

"அன்னிக்கு ஆம்ப் ஒரு கல்யாணத்துக்கு வாடகைக்குப் போயிருந்துச்சுல்ல. முத்துராசு வயரில்லாம சும்மாதான வாசிச்சுக் காட்டுனாரு."

மாஸ்டருக்கே அது தோன்றவில்லை. அவர் வயலின்காரர், அவருக்கு வயர் எதற்கு? முத்துராசும் வீட்டில் ஆம்ப் இல்லாமல்தான் வாசிப்பான். நானும் பிரஸ்ஸில் வைத்துச் சும்மாதான் கேட்டேன். ஆக, நான் ராவினது, அவன் விரல் புண்ணானது, பேச்சியம்மாள் கேட்டில் நின்று அழுதது, எல்லாமே தேவையில்லாதது. முதல் நாளே விருதுநகருக்குக் கூட்டிவந்து வயரைச் செருகியிருந்தால் கதை முடிந்திருக்கும்.

பஸ் ஸ்டாண்டில் முத்துராசு என் முன்னால் கையெடுத்துக் கும்பிட்டான். "சின்னய்யா, இந்த வாழ்க்க நீங்க குடுத்தது." குனிந்து காலைத் தொடப் போனான். பிடித்து நிறுத்தினேன். சொல்லாமல் விட்டுவிடலாம் என்று ஒரு கணம் தோன்றியது, பொய் சொல்லவில்லை. அந்தக் கும்பிடு சுகமாகத்தான் இருந்தது. ஆனால் குழுவில் சேர்ந்த பிறகு யாராவது ஒருவன் அவனிடம் இதைச் சொல்லத்தான் போகிறான். அதற்கு முன்னால் என் வாயால் வர வேண்டும்.

சொன்னேன். ஒன்றையும் மறைக்கவில்லை.

அவன் கை கும்பிட்டபடியே கொஞ்ச நேரம் நின்றது. பிறகு இறங்கியது. "அப்ப நீங்க ராவுனது?"

"வீண் வேலை."

"என் விரலு?"

"என்னாலதான்."

"ஒரு மாசமா நான் தூங்கல" என்றான். குரல் ஏறியது. பக்கத்தில் வெள்ளரிக்காய் விற்றவள் திரும்பிப் பார்த்தாள். "என் கை ஆகாத கைன்னு நெனச்சேன். கித்தார வித்துட்டு மருந்து ரூம்லயே கெடந்து சாவோம்னு நெனச்சேன். ஒரு வார்த்த, ஒரே ஒரு வார்த்த நல்லபடியா கேட்டிருக்கக் கூடாதா நீங்க? அரத்த எடுக்கதுக்கு முன்னால?"

எங்கள் வீட்டு ஆளை அவன் வீட்டு ஆள் ஒருவன் நாலு பேர் பார்க்க நிறுத்திவைத்துக் கேட்டது அதுதான் முதல் தடவை. தலை குனிந்து நின்றேன். நியாயமான கேள்விக்கு வேறு எப்படி நிற்பது?

பஸ் வந்தது. அவன் முன்னால் ஏறி ஜன்னலோரம் உட்கார்ந்தான். நான் தள்ளி, பின் சீட்டில் உட்கார்ந்தேன். ஆமத்தூர் தாண்டியது. கித்தாரை மடியில் வைத்துக்கொண்டு வெளியே பார்த்தபடியே இருந்தான், திரும்பவே இல்லை. இவன் இனி என் முகத்தில் முழிக்க மாட்டான் என்று முடிவு செய்துகொண்டேன்.

திருத்தங்கலில் இறங்கினேன். ஜன்னலுக்குக் கீழே நின்று என்ன சொல்வது என்று தெரியாமல், "இப்பவாவது சரியா இருக்குல்ல?" என்றேன். கேட்ட பிறகுதான் எப்படிக் கேட்டேன் என்று நாக்கைக் கடித்துக்கொண்டேன்.

அவன் குனிந்து என்னை நேராகப் பார்த்தான்.

"இல்ல. பதினோராவது பிரெட்டுல ரெண்டாந்தந்தி இன்னும் லேசா இடிக்கி. ஆம்ப்ல கேக்காது, ஆனா எனக்குக் கேக்குது. ஞாயித்துக்கெழம வாங்கண்ணே."

கண்டக்டர் விசில் ஊத, பஸ் நகர்ந்துவிட்டது. அன்றைக்குத் திங்கட்கிழமை. அந்த ஞாயிறு வந்து சேர்கிற வரை எனக்குப் பொறுக்கவில்லை.